ஒரே பெயரில் இரண்டு துவக்குகள்

கொட்டாஞ்சேனை
02.11.2024

அன்புள்ள சிவானந்தன் அண்ணன்,

வெள்ளவத்தையில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். போனில் கேட்கலாம்தான். கேட்டால் குரல் நடுங்கும், அதனால் எழுதுகிறேன்.

அலுமாரியை ஒதுக்கும்போது இவர் நிக்கலசின் மரண விசாரணைப் பிரதி அகப்பட்டது. நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக முழுதும் வாசித்தேன். அன்று வேட்டைக்குப் போன காட்டில் சிநேகிதர்கள் நீங்கள் இருவரும் துவக்கை மாற்றிப் பிடித்திருந்தீர்கள் என்று இருக்கிறது. “இரண்டும் ஒரே மாதிரியானவையா?” என்று கேட்டிருக்கிறார்கள். “ஓம்” என்றிருக்கிறீர்கள்.

மகன் மெல்ரோய் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒரே கம்பனி, ஒரே பெயர், ஆனால் முந்தின காலத்துத் துவக்கும் பிந்தினதும் வேறு வேறாம். “மம்மி, டடி செத்தது எந்தத் துவக்கால?” என்கிறான். எனக்கென்ன தெரியும்? அன்றிலிருந்து குசினிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

அன்புடன்,
பேர்ணடெற்


வெள்ளவத்தை
09.11.2024

அன்புள்ள தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம், எனக்குத்தான் முழங்கால் வலி.

நிக்கலசின் துவக்கு ஐம்பதுகளில் செய்தது. தோட்டா மேலே வரும்போதே ஒரு நீண்ட கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். என்னுடையது எழுபதுகளில் செய்தது. செலவைக் குறைக்கக் கம்பனி பலதையும் மாற்றிவிட்டது. கொக்கி சின்னதாகிவிட்டது, மரப்பிடி மட்டமானது, ஆனால் விசை தொட்டாலே இழுபடும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் ஓம் என்றேன்.

பழையதைக் கிளறி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மழைக்குள் கோயிலுக்கு நடந்து போகவும் வேண்டாம்.

சிவானந்தன்


கொட்டாஞ்சேனை
13.11.2024

அன்புள்ள அண்ணன்,

கொக்கியைப் பற்றி எழுதினீர்கள், மரத்தைப் பற்றி எழுதினீர்கள். பூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவர் மேசையில் வைத்துத் துவக்கைத் துடைக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். பின்னால் சின்னச் செட்டை மாதிரி ஒரு பூட்டு. அதை நேராக நிமிர்த்திவிட்டு, “இப்ப சுடாது, ஆனா திறக்கலாம். தோட்டா கழற்றேக்க எப்பவும் இப்படித்தான்” என்பார். அவ்வளவு கவனமான மனுஷன். கவனக்குறைவால் செத்தார் என்று விசாரணையில் எழுதியதை நான் ஒரு நாளும் நம்பவில்லை.

நான் நம்பியதைச் சொல்கிறேன். அன்று விடிய எங்களுக்குள் பெரிய சண்டை. “போனா திரும்பி வராதீங்க” என்று சொன்னேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அவர் வேண்டுமென்றே செய்தார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. மெல்ரோய்க்கும் தெரியாது.

பக்கத்தில் நின்றவர் நீங்கள். எனக்கு எழுபத்திரண்டு வயது. உண்மையைச் சொல்லுங்கள்.

பேர்ணடெற்


வெள்ளவத்தை
22.11.2024

தங்கச்சி,

நாலைந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் இப்படி நினைத்திருந்தீர்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அன்று பன்றி ஒன்றும் வரவில்லை. ஜீப்பில் ஏறுமுன் தோட்டாவைக் கழற்ற வேண்டும். நான் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். புதுத் துவக்கு எப்படிச் சுடுகிறதென்று பார்க்க ஆசைப்பட்டு அவன்தான் மாற்றி எடுத்தவன். அதில் செட்டை இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன். பழையதில் இருந்த நடு நிலை இதில் இல்லை. பூட்டியிருந்தால் தோட்டா அறை திறக்காது. திறக்க வேண்டுமென்றால் பூட்டை முழுதாக எடுக்க வேண்டும், அப்போது விசையில் கை பட்டாலே வெடிக்கும். புத்தளம் வரைக்கும் வழிநெடுகக் கதைத்தோம். இதை மட்டும் நான் சொல்லவில்லை.

“சிவா, இது திறக்குதில்லையடா” என்றான்.

“பட்டனை முன்னுக்குத் தள்ளு மச்சான்” என்றேன். திரும்பியும் பார்க்கவில்லை.

எங்கோ இறுகிவிட்டதென்று துவக்கின் அடியை நிலத்தில் ஊன்றிக் குனிந்து பார்த்திருக்கிறான். பட்டனைத் தள்ளிய பிறகும், தன் பழையதைப் போல, சுடாது என்று நம்பியிருக்கிறான். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

சாக நினைத்தவன் தோட்டா கழற்ற வழி கேட்பானா, தங்கச்சி? அவன் என்னிடம் கேட்டான். நான் சொன்னபடி செய்தான். விசாரணையில் அந்த “ஓம்” என்னைக் காப்பாற்றச் சொன்னது. அது உங்களை என்ன செய்யுமென்று நான் யோசிக்கவில்லை.

மன்னிக்கும்படி கேட்க எனக்கு முகமில்லை.

சிவானந்தன்


கொட்டாஞ்சேனை
30.11.2024

சிவானந்தன் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மெல்ரோய்க்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் சண்டையையும், நான் நினைத்திருந்ததையும் அப்போதுதான் சொன்னேன். அவன் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரத்தான் அவர் தோட்டாவைக் கழற்றப் பார்த்திருக்கிறார். என்னிடம் திரும்பி வரத்தான். இதை எனக்குச் சொல்ல உங்களுக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேக் சாப்பிட வந்தீர்கள்தானே.

இனி வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்து என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மெல்ரோய் வருவான், ஞாயிறு பூசை முடிந்த கையோடு. தகப்பன் போகும்போது அவனுக்கு மூன்று வயது, குரல்கூட ஞாபகமில்லை. “திறக்குதில்லையடா” என்று அவர் எப்படிச் சொன்னார், சலிப்பாகவா, சிரித்துக்கொண்டா, அப்படியே அவனுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

இந்த முறை ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்.

பேர்ணடெற் நிக்கலஸ்