இடக்கைத் தேய்மானம்

கீத்லி,
3 மார்ச் 1981

அன்புள்ள வில்ஃப்ரெட்,

நலமா? கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாதவனிடம் நலம் விசாரிக்கிறேன் பார், எனக்கு வெட்கமே கிடையாது. உன் மனைவி எடித் இறந்தபோது உன் வாசல்வரை வந்தேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

எனக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கோடைகாலத்தைப் பற்றிக் கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் அப்பா துப்பாக்கி முனையில் மாட்டியிருந்த பயனெட் கத்தி என்னிடம் இருக்கிறது. நம் சேகரிப்போர் சங்கத்தில்கூட அதை நான் காட்டியதில்லை. மெடல்களை எல்லாம் விற்றுக் குடித்த மனுஷன், அதை மட்டும் விற்கவில்லை. இந்த ஊர் அவரைக் குடிகாரன் என்றே நினைவு வைத்திருக்கிறது. நம் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் அவர் பெயர்ச்சீட்டோடு அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும், வேறு ஆசை இல்லை. அங்கே புதிதாக வந்திருக்கும் மிஸ் பிக்கர்ஸ்கில், "மிஸ்டர் கிரேவன் அசல்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், உடனே வெச்சிடுறேன்" என்கிறாள். உன் கண்ணை மட்டும்தான் நம்புவாளாம்.

அந்தப் பழைய வேடிக்கையை நீ இன்னும் மனதில் வைத்திருக்க மாட்டாய். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சேர்ந்து சிரித்திருக்கலாம்.

உன் பழைய நண்பன்,
செட்ரிக் பூத்ராய்ட்

ஹாலிஃபாக்ஸ்,
9 மார்ச் 1981

அன்புள்ள செட்ரிக்,

உன் உடம்புச் செய்தி படித்து வருந்தினேன்.

சிரித்திருக்கலாம்தான். "வாட்டர்லூ காலத்துப் பொருள்டா, தொட்டுப் பாரு" என்று நீயாகத்தான் அன்று வேறொரு பயனெட்டை என் கையில் கொடுத்தாய். அதன் துருவை நான் தொடவில்லை, ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பூசவில்லை. காலம் வைத்த கறையைத் துடைத்தால் பொருளைக் கொன்ற மாதிரி என்பதுதானே நம் ஆட்களின் எண்ணம். ஆண்டுக் கண்காட்சியில் அதன் ஒவ்வொரு குழியையும் காட்டி, எந்த மழையில் வந்திருக்கும், எந்தச் சேற்றில் வந்திருக்கும் என்று முட்டாள்போலப் பேசிக்கொண்டே போனேன். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து எழுந்தாய். "டேய் வில்ஃப், அதுக்கு வயசு மூணுடா! என் முட்டைக்கோஸ் பாத்தியில பொதச்சு, வினிகர் ஊத்தி நான்தான் வளத்தேன்!"

மண்டபமே உருண்டு சிரித்தது. முதல் வரிசையில் எடித் புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். சங்கத்தில் எனக்கிருந்த நடுவர் பொறுப்பை அன்றே விட்டேன். கசாப்புக்கடைக்காரன்கூட அவளைப் பார்த்து, "என்னம்மா, வீட்டுல கோஸ் நல்லா வெளஞ்சிருக்கா?" என்று கேட்பான். கடைசிவரை அவள் அந்தத் தெரு வழியே போகவே இல்லை. அது எனக்கு வயிற்றெரிச்சல், செட்ரிக். மறைக்க மாட்டேன்.

போகட்டும். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வா. பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரி வாங்கி வைக்கிறேன்.

வில்ஃப்ரெட் கிரேவன்

கீத்லி,
16 மார்ச் 1981

அன்பு வில்ஃப்,

நீ பெரிய மனசுக்காரன்டா. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நீ குனிந்தது குனிந்தபடியே இருந்தாய். எனக்கு ஊற்றிய டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் ஒரு "ம்" போட்டாய், நினைவிருக்கிறதா? அந்த "ம்" போதும் எனக்கு. பஸ்ஸில் வீடு வரும்வரை சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன்.

அதை அருங்காட்சியகத்தில் வைக்கும் நாளுக்கென்று என் மகள் மார்ஜரி புதுக் கோட்டு எடுத்துவிட்டாள். "தாத்தா பேரு போர்டுல வரப்போகுது" என்று கண்டவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். 'கார்ப்பரல் ஆல்பர்ட் பூத்ராய்ட்.' பயனெட்டை மிஸ் பிக்கர்ஸ்கில்லிடம் கொடுத்துவிட்டேன், உன் ஒரு வரிதான் பாக்கி. சீக்கிரம் எழுதிவிடு, என் மூச்சு காத்திருக்காது.

என்றும் உன்,
செட்ரிக்

ஹாலிஃபாக்ஸ்,
30 மார்ச் 1981

செட்ரிக்,

மிஸ் பிக்கர்ஸ்கில் பயனெட்டைத் திருப்பி அனுப்பியிருப்பாள். என் வரியை அவள் உனக்குக் காட்டியிருக்க மாட்டாள், நானே சொல்கிறேன். "இதன் வயதை என்னால் உறுதி சொல்ல இயலவில்லை. இதன் உரிமையாளர் துரு வளர்ப்பதில் கைதேர்ந்தவர். ஊரறிய அவரே சொன்னது, சங்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்." விசாரித்திருக்கிறாள். எல்லோரும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் சிரித்தாளாம்.

நான் எழுதியதில் முதல் வரி மட்டும் பொய்.

அது அசல், செட்ரிக். என் வாழ்நாளில் அதைவிட நேர்மையான ஒரு பொருளை நான் தொட்டதில்லை. உன் அப்பா இடதுகைக்காரர், இல்லையா? நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கைப்பிடி மரம் எல்லோருக்கும் தேயும் பக்கம் தேயாமல் மறுபக்கம் தேய்ந்திருக்கிறது. கட்டைவிரல் அழுத்திய பள்ளமும் அந்தப் பக்கம்தான். எந்தப் போலிக்காரனுக்கும் இது தோன்றாது. அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் நல்ல சிப்பாயாக இருந்திருப்பார். எடித் இருந்திருந்தால், "பாவம், எழுதிக் குடுங்களேன்" என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் இல்லை.

நான் சொன்னேன் என்று போய் எல்லோரிடமும் சொல். இந்தக் கடிதத்தையும் கொண்டுபோய்க் காட்டு. இதைத் தட்டச்சில்தான் அடித்திருக்கிறேன், கையெழுத்துப் போடப்போவதில்லை. நீயே அடித்துக்கொண்டாய் என்பார்கள்.