தேன் நிறச் சாரத்தில் ஒரு டெடி

2024 ஓகஸ்ட் 27

பாலர் பாடசாலையால் ஒரு புது வில்லங்கம். சிறுவர் தினக் கண்காட்சிக்குத் தாய்மார் தங்கள் கையால் ஒரு பொம்மை தைத்துக் கொடுக்க வேண்டுமாம். கடைப் பொம்மை எடுக்கமாட்டார்களாம். எந்தப் பிள்ளைக்கு எந்த மிருகம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருக்கிறார்கள். என் மகள் கிருசிகாவுக்கு விழுந்தது டெடி.

"டெடி லேசு கஜானி, யூடியூப்பில பாத்துத் தைக்கலாம்" என்று தனுஷா ரீச்சர் சிரிக்கிறா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போன வருசம் ஆடி மாதம் தேன் எடுக்கப் போன என் புருசனின் முகத்தைக் கிழித்தது எது என்று வாகரை முழுக்கத் தெரியும். இவவுக்கு மட்டும் தெரியாதா? கேட்டே விட்டேன். அவவின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ கஜானி, அது கரடி. இது டெடிதானே" என்றா.

பேரை மாற்றினால் நகம் விழுந்துவிடுமாக்கும்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. பேர் சொன்னால் வரும் என்று காட்டுக்குப் போகிறவர்கள் முன்பிருந்தே சொல்வதில்லை. அவர் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு நாங்களும் சொல்வதில்லை.

ஓகஸ்ட் 31

அவர் முன்வாசலால் வந்தால் கிருசிகா பின்வாசலால் ஓடுகிறாள். ஓடிப்போய் அடுத்த வீட்டில் என் அக்கா அஜந்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பங்குனியில் வந்த மனிசன், இன்னும் சொந்தப் பிள்ளையின் தலையைத் தடவவில்லை.

அவளை மட்டும் என்ன சொல்வது? அவருக்கு ஒரு கண் இல்லை, மூக்கில் பாதி இல்லை, மேல் உதடு மடிந்து ஒட்டியிருக்கிறது. நானும் அந்தப் பக்கம் பாராமல்தான் சோறு போடுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவர் வீட்டை விட்டுப் போகக்கூடாது. எனக்கு அவர் வேண்டும்.

செப்டெம்பர் 4

அக்கா இன்றைக்கு நேராகவே சொல்லிவிட்டாள். "புள்ள பயந்து காயுது. அவர மாங்கேணிக்குத் தாய் வீட்ட அனுப்பு கஜானி."

"அவர் என்ட புருசன்."

"ஆர் இல்ல எண்டது? ஆனா வீடு உனக்கு அம்மா தந்த வீடு. அவர் வந்து இரிக்கிற மாப்பிள்ள. சிறுவர் தினம் முடியட்டும், மறுகாவும் புள்ள அவரிட்டப் போகாட்டி மாமாவக் கூட்டி வந்து கதைப்பன்."

அவளுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்து வருகிறவன் ஒரு பெட்டியோடு வருவான். போகச் சொன்னால் அந்தப் பெட்டியோடு போகவேண்டியதுதான். அவருக்கும் தெரியும். கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

செப்டெம்பர் 5

கிருசிகாவை மடியில் வைத்துக் கேட்டேன், அப்பாவிடம் ஏன் போகிறாயில்லை என்று.

"அது அப்பா இல்ல. அப்பாவக் கரடி கொண்டு போயிட்டு. அந்தக் கரடிதான் அப்பாட சட்டையப் போட்டுக்கொண்டு வந்திரிக்கு."

யார் சொன்னது? பெரியம்மா. நான் ஆஸ்பத்திரியில் அவரோடு கிடந்த மாதங்களில் அக்கா இவளுக்குச் சோறு தீத்தும்போது, 'தின்னாட்டி அப்பாவக் கொண்டு போன கரடி உன்னையும் கொண்டு போகும்' என்று சொல்லியிருக்கிறாள். மிச்சத்தைப் பிள்ளை தானே கட்டிக்கொண்டாள்.

வேலியில் நின்று கத்தினேன். அடிப்பாவி, ஒரு பிடி சோத்துக்காகவா என்ட புள்ளைக்கு அப்பன் இல்லாமல் ஆக்கினாய்! அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் வெட்டினாள். "நான் தீத்தாட்டி உன்ட புள்ள செத்திரிக்கும்" என்றாள். அதுவும் உண்மைதான். அதனால் இன்னும் எரிகிறது.

செப்டெம்பர் 8

துணிக்கு எங்கே போவது? அலுமாரியில் அவருடைய தேன் நிறச் சாரம் கிடந்தது. காட்டுக்குக் கட்டுகிற சாரம். கிருசிகா கைக்குழந்தையாக இருந்தபோது ஏணை கட்டினதும் அதில்தான். இனி அதை அவர் கட்டப்போவதில்லை. கேட்காமல் வெட்டிவிட்டேன்.

செப்டெம்பர் 10

கண்டறியாத டெடி! வீடியோவில் அந்தப் பெண் பாட்டுப் படித்துக்கொண்டு தைக்கிறாள். நான் தையலுக்கு ஓரம் விடாமல் வெட்டிவிட்டேன். புரட்டி எடுத்தால் கை இரண்டும் முருங்கைக்காய். அவிழ்த்து மறுபடி வெட்டினேன். பிறகு பார்த்தால் ஒரு காலை நல்ல பக்கம் உள்ளே போக வைத்துத் தைக்காமல், வெளியே வைத்துத் தைத்திருக்கிறேன். தலைகாணியைக் கிழித்துப் பஞ்சு அடைத்தேன். வயிறு கட்டி கட்டியாக நிற்கிறது, கழுத்தில் பஞ்சு போதாமல் தலை நெஞ்சில் விழுகிறது. விரல் முழுக்க ஊசிக் குத்து.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும் எண்டுவாங்க. நீ என்ன, பண்டியப் பிடிச்சு வெச்சிரிக்கா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு கதைப்பதில்லை என்று இருந்தவள் நான்.

செப்டெம்பர் 12

அவர் கண்டுவிட்டார். நான் சட்டைப் பொத்தான் இரண்டைக் கண்ணாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு வந்து அதைக் கையில் எடுத்தார்.

"மூஞ்சியக் குடுத்தன். சாரத்தையும் எடுத்துக் குடுத்திட்டியா?"

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒரு கண், இதுக்கு ரெண்டு கண்ணா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தால் உதடு ஒரு பக்கம்தான் ஏறும். நான் கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தேன். அவர் குனிந்து எடுத்துத் தந்தார்.

"தைச்சு முடி. நகம் மட்டும் வையாத" என்றார்.

செப்டெம்பர் 14

முடிந்தது. ஒரு காது மேலே, ஒரு காது கீழே. கிருசிகா வாங்கினாள், முதலில் வயிற்றில் மூக்கை வைத்தாள். எத்தனை தரம் தோய்த்தாலும் அந்தச் சாரத்தில் தேனும் புகையும் போகாது. அப்படியே நின்றாள்.

"அம்மா, அப்பா மணக்குது."

செப்டெம்பர் 15

டெடி என்று சொல்ல விடுகிறாளில்லை. அப்பாவாம்.

செப்டெம்பர் 18

அப்பாவுக்குச் சோறு, அப்பாவுக்குத் தலை வாரல், அப்பாவுக்குப் பாய். அவர் குசினிக்குள் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். எல்லாம் அவர் காதில் விழுகிறது.

மத்தியானம் அவள் டெடியை அணைத்துக்கொண்டு படுத்து, "அப்பா, காட்டில இருட்டா?" என்று கேட்டாள். அறைவாசல் சீலைக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது.

"இல்ல மகள். உன்னோடதானே படுத்திரிக்கன்."

அவள் அலறவில்லை. டெடியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள், கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் சீலைக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார்.

செப்டெம்பர் 25

ஒவ்வொரு மத்தியானமும் நடக்கிறது. பள்ளிக்கூடக் கதை, சண்டை போட்ட கதை, பெரியம்மா கிள்ளின கதை எல்லாம் சொல்கிறாள். அவர் பேர் பேராகக் கேட்கிறார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் சவரம் செய்துகொண்டார் தெரியுமா? தழும்புக்கு மேலேயும் செய்து இரத்தம் வரப்பண்ணிக்கொண்டார்.

எனக்குச் சந்தோசமா, பயமா? இரண்டும்தான்.

ஒக்டோபர் 1

அவரை வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் பயப்படும் என்றேன். தலையை ஆட்டினார்.

கண்காட்சியில் டெடிக்கு முன்னால் 'கரடி' என்று எழுதி வைத்திருந்தார்கள். கிருசிகா அந்த மட்டையைப் பிடுங்கி எறிந்தாள். "கரடி இல்ல! இது என்ட அப்பா!" தாய்மார் எல்லாம் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், உடனே நிலத்தைப் பார்த்தார்கள். தூ!

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சிரித்ததைச் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் முன்னால என்ட அப்பா எண்டாளா? இன்னொருக்காச் சொல்லு."

இன்னொருக்காவும் சொன்னேன். "அப்ப நாளைக்கு நான் சீலைக்கு வெளிய வாறன் கஜானி. குரல் தெரியும்தானே அவளுக்கு" என்றார். நான் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டேன்.

ஒக்டோபர் 2

வந்தார். கதைத்துக்கொண்டே சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். "மகள், நான்தான். இந்தா பாருங்க, அப்பா." வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அவள் டெடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கத்தினாள். ஐயோ, அந்தக் கத்தல்!

"அம்மா! கரடி அப்பாட குரலையும் களவெடுத்திட்டு!"

அவர் "இல்ல மகள்" என்றார். அவர் வாய் திறந்த ஒவ்வொரு தரமும் அவள் இன்னும் கத்தினாள். டெடியைப் பிடித்து உலுக்கினாள். "கதைங்க அப்பா, கதைங்க, கதைங்க!" அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்தினபடியே பின்னால் நடந்து வெளியே போனார்.

ஒக்டோபர் 3

டெடியின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு கிடக்கிறாள். அவர் ஒரு சொல் பேசுகிறார் இல்லை. என்னோடும்தான்.

ஒக்டோபர் 6

மாமாவைக் கூட்டிவரத் தேவை இருக்கவில்லை. அவரே காலை பஸ்சில் மாங்கேணிக்குப் போய்விட்டார், அதே பெட்டியோடு. நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பார், அது எனக்குத் தெரியும்.

அக்கா கோழிக்கறி கொண்டுவந்து தந்தாள். சனியன், ருசியாக இருந்தது. தின்றேன்.

ஒக்டோபர் 21

நேற்று அவர் மாங்கேணியில் இருந்து போன் எடுத்தபோது நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கிருசிகா எடுத்துவிட்டாள். ஓடிவந்தேன், அலறப் போகிறாள் என்று. அவள் போனை இரண்டு கையாலும் காதில் அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பாவா? எங்க நிக்கிறீங்க? கரடியிட்ட இரிந்து தப்பிட்டீங்களா?"

நானும் போனோடு காதை ஒட்டினேன். "ஓம் மகள், தப்பிட்டன். இப்ப கட்டார்ல நிக்கிறன்" என்றார்.

எங்கே இருந்து அந்தச் சொல் வந்ததோ! அவள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாமார் வெளிநாட்டு வேலைக்குப் போய்க் கட்டாரில்தான். அவள் போனோடு முற்றத்தில் துள்ளினாள்.

நவம்பர் 10

விடாத மழை. பிள்ளை தேறிவிட்டாள். வயிறு நிறையச் சாப்பிடுகிறாள், வீடு முழுக்க ஓடித்திரிகிறாள், முன்வாசலைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பாடசாலையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாளாம், அப்பா கட்டாரில் என்று. தனுஷா ரீச்சர் என்னிடம் கேட்டா, நான் ஓம் என்றேன். பொம்மை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். "அது சும்மா டெடி அம்மா" என்றாள்.

பின்னேரம் அவர் போன் எடுத்தார். அவள் கதைத்து, கொஞ்சி, முடித்து எனக்குத் தந்தாள். மறுபக்கம் அவருடைய குரல் பதறியது.

"கஜானி, பிழை விட்டுட்டன் போல. அங்க இப்ப என்ன நேரம் எண்டு கேட்டாள். நான் இஞ்சத்த நேரத்தச் சொல்லிட்டன்."

மாங்கேணியில் பெய்கிற மழை போனுக்குள் இரைந்தது. இங்கேயும் அதே மழைதான்.

"கட்டார்ல ரெண்டரை மணித்தியாலம் குறைவு" என்றேன். "நாளைக்குக் கேட்டா குறைச்சுச் சொல்லுங்க."

"ஓம், சரி" என்றார்.