தங்கை எழுதிய கதாநாயகன்

மார்ச் 3, திங்கள்

தங்கையின் முதல் நாவல் வந்துவிட்டது. நான் எக்ஸ்ரே எடுக்கும் ஸ்கேன் சென்டர் முகவரிக்கே கூரியரில் அனுப்பியிருக்கிறாள். முதல் பக்கத்தில் 'அக்காவுக்கு' என்று ஒரே ஒரு சொல். ரிசப்ஷன் பெண் பின்னட்டையைப் படித்துவிட்டு, "டார்க் ரொமான்ஸா மேடம்? உங்க தங்கச்சி பெரிய ஆளுதான் போங்க" என்றாள். பெருமை தாங்கவில்லை எனக்கு. புத்தகத்தையும் இந்த நோட்டைப் போலவே எக்ஸ்ரே அறை அலமாரியில், ஈய அங்கிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

நோயாளிகளுக்கு நடுவே எண்பது பக்கம். என்ன எழுத்து! பல்லி விழுங்கிய பூச்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாள், படித்துவிட்டுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அந்தக் கதாநாயகன் வரும்போதெல்லாம் எனக்கே முகம் சூடாகிறது. நாற்பது வயதில் இது என்ன கூத்து. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனேன். பாவம், அந்தப் பெரியவர் சிவந்துபோய் நின்றார்.

மார்ச் 6, வியாழன்

கதையில் அவன் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். அவள் பூட்டிய கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

இது நான் சொன்னது. கல்யாணமான முதல் வருடம் போனில் அவளிடம் நானேதான் சொன்னேன் — "என்னை விட்டுப் போகவே மனசு வராதுடி அவருக்கு, பூட்டிட்டுத்தான் போவார்." சிரித்துக்கொண்டே சொன்னேன். கதவில் கன்னம் வைத்ததை மட்டும் அவள் சேர்த்திருக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

172-ஆம் பக்கம். மணிக்கட்டு. இறுக்கிப் பிடிக்கிறான், கன்னிப்போகிறது, பிறகு அந்த நீலத்தில் முகம் புதைத்து அழுகிறான். அவளும் அழுகிறாள், மன்னிக்கிறாள். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அழகாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நன்றாக எழுதாமல் இருந்திருக்கக் கூடாதா? திட்டிவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பேனே.

மார்ச் 10, திங்கள்

வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாள், அவருக்கென்று கையெழுத்துப் போட்டு. நேற்று முழுக்க உட்கார்ந்து படித்தார். முடித்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"உன் தங்கச்சிக்குப் புரியுது. உனக்குத்தான் இத்தனை வருஷமாப் புரியல."

மார்ச் 11, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 13, வியாழன்

நேற்று சென்டர் போனிலிருந்து தங்கையைக் கூப்பிட்டு, நாவலைப் பற்றிப் பேசவேண்டும், வா என்றேன். காலை ரயிலில் வந்துவிட்டாள். மதிய இடைவேளையில் எக்ஸ்ரே அறைக்குள் உட்காரவைத்தேன்.

"பிடிச்சுதாக்கா? நிஜமாச் சொல்லு."

"கீழ வைக்கவே முடியல. ஆனா அவனை எனக்குப் பிடிக்கல."

"எல்லாருக்கும் அவனைத்தான் பிடிச்சிருக்கு!" முகம் தொங்கிப்போனது. "உனக்காகத்தானே எழுதினேன். உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தானே..."

கணினியில் இரண்டு வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றைத் திறந்தேன். இடது மணிக்கட்டு. எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் கட்டு. டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னது.

"யாரோட கை இது?"

"உன் கதாநாயகியோடது."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு என் கையை. அணைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது அவளுக்கு.

"கன்னிப்போச்சுன்னுதானே சொன்னே? அழுதார், பாவமா இருந்துச்சுன்னு நீதானேக்கா சொன்னே? ஏன் என்கிட்ட பொய் சொன்னே?"

ஏன் சொன்னேன்? அப்படிச் சொல்லும்போதுதான் அது கொஞ்சம் நன்றாக இருந்தது. அவளிடம் சொல்லிச் சொல்லி நானே நம்பிக்கொண்டேன். அவள் அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். முந்நூறு பக்கம் அவளுடையதா, என்னுடையதா, தெரியவில்லை.

வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். தங்கை போகும்போது திரும்பி நின்று, "எங்கிட்ட ஒரு ரூம்தான் இருக்கு. வா" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

பயமா இருக்கு. தினமும் அஞ்சரைக்கு என்னைக் கூட்டிட்டுப் போக சென்டர் வாசல்ல வண்டியோட நிப்பானே. பின்வாசல் இருக்கு. ஆனா...

மார்ச் 21, வெள்ளி

நான்கு மணிக்கே ரேடியாலஜிஸ்டிடம் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரே பின்பக்க ஆம்புலன்ஸ் வழியைத் திறந்துவிட்டார். தங்கை ஊருக்குப் போகும் ரயிலில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

அவன் தங்கையின் பதிப்பாளருக்குப் போன் செய்து, "அவளை அனுப்பிவைக்கச் சொல்லுங்க, அழுதுட்டிருக்கேன்" என்றானாம். தங்கை கேட்டுவிட்டுப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நான் எழுதின வசனத்தையே பேசறான்க்கா."

ஏப்ரல் 26, சனி

நூலகத்தில் வாசகர் சந்திப்பு. நாற்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். இரண்டாம் பதிப்பு வருகிறதாம். தங்கை பேச எழுந்து, இந்தக் கதையில் தான் தவறாகப் புரிந்துகொண்ட ஓர் இடம் உண்டு என்றாள். எந்த இடம் என்று சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கையெழுத்து வாங்க நின்ற ஒருத்தி, "இப்படி ஒருத்தன் எனக்குக் கிடைச்சாப் போதும்க்கா" என்றாள். தங்கையின் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றேன். "எனக்குக் கிடைச்சான்மா" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினாள்.

பிறகு ஜன்னலோரம் நானும் அந்தப் பெண்ணும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அதிகமும் அவள்தான் பேசினாள், தன்னோடு படிக்கும் ஒருவனைப் பற்றி.