உப்புமானிக்கு ஒரு மணிக்கூடு

ஈயம் உருகிய வாடை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து செய்த அந்தக் கையடக்க உப்புமானியைக் காலையில் திறந்து, சிறியதொரு மணிக்கூட்டு 'சிப்'பை உள்ளே பொருத்தினேன். அதற்கென்று காசளவில் தனிப் பற்றரி உண்டு. பெரிய பற்றரியைக் கழற்றினாலும் இனிக் கருவி நாளை மறக்காது. நீ போனபின் உன் மனைவிதான் அதைக் கொண்டுவந்தார். "அண்ணை, இதுக்கு ஒரு மணிக்கூடு பூட்டித் தாங்கோ" என்றார். 

கனிய மணல் தேடும் கம்பனி எங்கள் தீவில் குழாய் இறக்கத் தொடங்கியபோது இந்தக் கருவியைச் செய்தோம். இந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. துளைத்துவிட்டு மூடாமல் போனால் கிணறு கெடும். விடுதியில் ஒரே அறையில் இருந்து பொறியியல் படித்த நமக்கு அதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீ கிணறு கிணறாகப் போய் தண்ணீரின் உப்பை அளந்தாய். ஒவ்வொரு அளவீட்டோடும் திகதி பதிவாகியது. ஆனால் பற்றரியைக் கழற்றினால் கருவி மீண்டும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே எண்ணத் தொடங்கும்.

நீ ஒவ்வொரு முறையும் கழற்றினாய். பற்றரி தடைசெய்யப்பட்ட சண்டைக் காலத்தில், அதைக் கழற்றி ஒளித்தபடியே இளமை முழுவதும் சோதனைச் சாவடிகளைக் கடந்த கை அது.

"மச்சான், சண்டை முடிஞ்சிட்டுதடா" என்றேன்.

"எனக்குத் தெரியும். என்ர கைக்குத் தெரியேல்லை."

திகதி பிழையாக விழுகிறது என்றபோதும், "நாள் என்ர தலைக்குள்ள இருக்கு" என்றாய்.

ஓகஸ்ட் பெருநாளுக்கு ஊரே மடு மாதா கோயிலுக்குப் போனது. நீயும் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்கினாய். திரும்பியபோது உன் கிணற்றுக்குப் பின்னால் வரிசையாக மூடாத துளைகள். சில கிழமைகளில் உன் வீட்டுத் தேத்தண்ணி கரித்தது.

விசாரணைக் கூட்டத்தில் நீ எழுந்தாய். "மடுவுக்குப் போக முதல் நல்ல தண்ணி. வந்தாப் பிறகு உப்பு. ரெண்டும் இதுக்குள்ள இருக்கு."

கம்பனியின் நிபுணர் கருவியை வாங்கிப் பார்த்தார். நம்மைப் போலப் படித்தவர். தாம் பார்ப்பது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். "எல்லாம் ஜனவரி ஒண்டு எண்டு கிடக்கு. உங்கட மிசினுக்கு ஒவ்வொரு நாளும் புதுவருசம் போல" என்றார். மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஒரே பின்னேரத்தில் வாளிக்குள் உப்பைக் கரைத்தும் இந்த அளவீடுகளை எடுக்கலாம் என்று மென்மையாகச் சேர்த்துக்கொண்டார்.

நீ கதிரையில் அமர்ந்தாய். பிறகு எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. சந்தியில் சிலர் உன்னைப் 'புதுவருசம்' என்றே கூப்பிட்டார்கள். மாரியில் உன் நெஞ்சு நின்றது. கம்பனி மலர்வளையம் அனுப்பியது. உன் மனைவி அதைப் படலை தாண்ட விடவில்லை.

இந்த மணிக்கூட்டால் உன் கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது. அது இன்றிலிருந்துதான் எண்ணும். உன் கிணற்றில் இன்று இருப்பது உப்பு. முன்பிருந்த தண்ணீருக்கு நீ சாட்சி. அந்தச் சாட்சியைச் சிரித்தே தள்ளுபடி செய்தார்கள்.

அடுத்த ஊரில் இன்னும் குழாய் இறங்கவில்லை. பின்னேரம் உன் மனைவியோடு அங்கே ஒரு கிணற்றடிக்குப் போனேன். இடம் பார்க்க வந்திருந்த அதே நிபுணர் வாகனத்திலிருந்து இறங்கி, "ஐயா, இஞ்ச என்ன செய்யிறீங்கள்?" என்றார்.

உன் மனைவி வாளியிலிருந்து தலை நிமிரவில்லை. "நீங்கள் துளைக்க முதல் இருக்கிற தண்ணியை அளக்கிறம்."

கருவியில் எண் விழுந்தது. அதன்கீழ் இன்றைய திகதி. நல்ல தண்ணீர். அவர் அதை வாசித்தார். திரும்பி வாகனத்தில் ஏறினார்.

நான் துக்கத்தில் இருப்பதாக ஊரார் நினைக்கிறார்கள். நான் அவர்களைத் திருத்துவதில்லை. அந்த மண்டபத்தில் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் என் தலைக்குள் இருக்கின்றன. அவர்களுள் பாதிப்பேர் உன் கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள்.