கைநாட்டுக்கு இரண்டு பக்கம்

கொட்டாஞ்சேனை,
1998 வைகாசி.

அன்பின் யோசெப்பினுக்கு,

அந்தோனியார் துணையால் நான் நல்ல சுகம். உம்முடைய முழங்கால் வலி இப்போது எப்படி? நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது, எனக்குச் சோறு தரும் பேர்ணடெற்.

கொட்டாஞ்சேனை பெருத்துவிட்டதாம். மேட்டுப் பக்கம் ஒரு டவுன், துறைமுகப் பக்கம் ஒரு டவுன் என்று பிரித்துத் தரச்சொல்லிச் சனம் அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதுகிறது. நான் காவலிருக்கும், பலகைகள் குவிந்த மரக்காலை நடுவில் நிற்பதால், எந்தப் பக்கத்து ஆளாக நான் கைநாட்டு வைப்பது என்று இரண்டு பக்கமும் சண்டை.

"அப்பு படுக்கிறது எங்கட பக்கம்," என்றான் துறைமுகத்துப் பீற்றர்.

"சாப்பிடுறது எங்கட பக்கம். படுத்தா வயிறு நிறையுமோ?" என்றாள் மேட்டுப் பக்கத்துப் பேர்ணடெற்.

எண்பத்துமூன்று கலவரத்தில் இந்தத் தெருவிலிருந்துதான் என்னை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். நீர் ஊதாச் சேலையுடன் ஊர்க் கரையில் என்னை எதிர்பார்த்து நின்றீர். பிழைப்புக்காக நான் திரும்பி வந்து இத்தனை காலமாகியும், இன்றைக்கும் சோதனைச் சாவடியில், எப்போது ஊருக்குப் போவாய் என்றுதான் கேட்கிறார்கள். இவர்களோ என்னைத் தங்கள் ஊரவன் என்று இழுக்கிறார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

"என்ர மனுசி வந்தா எந்தப் பக்கம் அறை தருவியள்?" என்று கேட்டேன். பீற்றர் மரக்காலைப் பலகைகளை எண்ணத் தொடங்கினான்.

"எங்கட பின்னறை சும்மாதானே கிடக்கு," என்றாள் பேர்ணடெற்.

அந்தப் பக்கமே பெருவிரலை வைத்துவிட்டேன்.

கப்பலில் வர இராணுவத்திடம் பாஸ் கிடைத்ததும் புறப்படும். பனை ஒடியல் மாவும் பாக்குவெட்டியும் கொண்டுவாரும். இங்கே எனக்குப் பாக்கு வெட்டித்தர ஆளில்லை. பேர்ணடெற்றின் உலை பொங்குகிறது, எழும்பப் போகிறாள். பெட்டிசம் அந்தோனியார் திருநாளுக்குப் பிறகுதான் போகுமாம். என் கைநாட்டுக்குப் பக்கத்தில் உம்முடைய பெருவிரலுக்கும் இடம் விட்டிருக்கிறது.

உமது
சவிரிமுத்து