வந்தவர்களுக்குக் காபி போடாதே

அன்புள்ள அம்மாவுக்கு,

டெல்லியிலிருந்து பூங்கோதை. நான் நன்றாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா? போனில் பேசினால் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பவுனு அக்காவைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் பவுனு அக்காவும் சங்கத்துப் பெண் இன்னொருத்தியும் உன்னைக் குளிப்பாட்ட வந்தார்களாம். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அவர்களுக்குக் காபி போட்டாயாம். "நம்ம வூட்டுப் பொண்ணுங்ககிட்ட வேல வாங்குனா ஊரு என்னா சொல்லும்" என்று குளிப்பாட்ட விடாமலே அனுப்பியும் விட்டாயாம். அவர்களும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மா, அவர்கள் விருந்துக்கு வரவில்லை, வேலைக்கு வந்தார்கள். வீட்டுக்கே போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள, ஏஜென்சிக்காரன் யாரும் இல்லாமல், நம்மூர்ப் பெண்கள் நாங்களே பங்கு போட்டுத் தொடங்கிய சங்கம் அது. என் பங்கும் அதில் இருக்கிறது. சொந்த அம்மாவே திருப்பி அனுப்பினால் ஊரில் வேறு யார் கதவைத் திறப்பார்கள்?

இங்கே நான் பார்த்துக்கொள்ளும் ருக்மிணி அம்மா குளியலறையில் வழுக்கினார். தாங்கிப் பிடித்துவிட்டேன். எனக்குக் கை லேசாகப் பிசகியது, அவ்வளவுதான். கட்டுப் போட உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. துவைக்காமலே அனுப்பு.

"ஜல்தி வாயேன்மா" என்று ருக்மிணி அம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பவுனு அக்கா, படித்து முடித்ததும் வெந்நீர் போடுங்கள். அம்மா, அக்காவுக்கு முதுகைக் காட்டு. நானும் இங்கே தினமும் ஒரு முதுகு தேய்க்கிறேன். அது உன்னுடையது இல்லை.

பூங்கோதை