ஆர்மைத்தி என்று கூப்பிடலாமா?

பஹ்மன் மாதம் 19
மாதுளைக் கவாத்து பாதியில் நிற்கிறது. என் அக்கா மோர்வாரித், சந்துமுனையிலிருந்தே கத்தினாள்: "டேய் கோதாரஹம்! உம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுடா!" மாசம் இன்னும் முடியவில்லையே. பிரூசேயை யஸ்த் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பஹ்மன் 20
பெண்! கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். நாலு பெரிய மாதுளையின் கனம் இருப்பாளா? என் சுண்டுவிரலைப் பிடித்தாள். பிடி உடும்புப்பிடி. "உனக்குப் பேச்சு நின்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள் அக்கா.

பஹ்மன் 23
பேர் வைக்கணும். எஸ்பந்த்கான் பண்டிகை வருகிறது, ஆர்மைத்தியின் நாள். கடவுளின் மகள், மண்ணைக் காப்பவள். நல்ல மனசு, பொறுமை என்றும் அந்தப் பேருக்கு அர்த்தம். அதையே வைக்கலாம் என்றேன்.

பிரூசே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மண்ணோட பேரா? மண்ணுக்கு ஒண்ணக் குடுத்தது போதாதா?"

முதல் மகள் பிறந்த அன்றே போனாள், பேர் வைக்குமுன்பே. இதை எப்படி மறந்தேன்? நாக்கா இது!

பஹ்மன் 24
பெட்டியில் 'பிரூசேயின் குழந்தை' என்று ஒட்டியிருக்கிறார்கள். வேறு எந்தப் பேர் சொன்னாலும் தலையாட்ட மாட்டேன் என்கிறாள். பேர் வைத்தால் இவளும் போய்விடுவாளாம்.

பஹ்மன் 29
எஸ்பந்த்கான். இன்று பெண்கள் உட்கார வேண்டும், ஆண்கள் சமைக்க வேண்டும். நான் காய்ச்சிய கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. தூக்கில் ஊற்றி ஆஸ்பத்திரிக்கே எடுத்துப்போனேன்.

"ராணியம்மா, சாப்பிடுங்க."

"ஏன்யா, சட்டியையும் சேத்தே காய்ச்சினியா?" சிரித்துவிட்டாள்! எத்தனை நாளாச்சு!

பிறகு திடீரென்று கேட்டாள். "அன்னிக்கு மூத்தவ குழிக்குள்ள சிமெண்ட் பூசினீங்களா?"

அப்போது அவள் படுக்கையில் கிடந்தாள், அடக்கத்துக்கு வரவில்லை.

"நானேதான் பூசினேன். அடியிலயும் நாலு பக்கமும். பிணம் பட்டா மண்ணுக்கு ஆகாதே. நம்ம வழக்கம்தானே?"

"அப்ப மண்ணு அவளத் தொடவே இல்ல."

"எப்படித் தொடும்? சாவு அந்தக் கேடுகெட்ட பிசாசு அஹ்ரிமனோட வேலைடி. மண்ணு என்ன பண்ணும், பாவம்?"

பிரூசே தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழிக்குச் சிமெண்ட் பூசுவது சின்ன வயசிலிருந்து தெரிந்த சங்கதிதான். இன்றைக்குத்தான் அதன் அர்த்தம் உறைக்கிறது. எத்தனை வருஷம் இவள் மண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்! அதன் மேலேயே நடந்துகொண்டு!

எஸ்பந்த் மாதம் 3
பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். கொட்டாவி விட்டாள். இவ்வளவு சின்ன வாய்க்குள் இவ்வளவு பெரிய கொட்டாவியா? அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேர் பேச்சை நான் எடுக்கவில்லை.

எஸ்பந்த் 13
வீட்டுக்கு வந்தாச்சு. உள்ளே போகாமல் நேரே தோட்டத்துக்கு நடந்தாள் பிரூசே. "பச்ச ஒடம்புக்காரி எங்கடி போற, குளுருது!" என்று அக்கா பின்னாலேயே ஓடினாள். நான் நேற்றுக் கொத்திப் போட்ட பாத்தியில் பிரூசே செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினாள். துணியை விலக்கி, குழந்தையின் பாதத்தை ஈர மண்ணில் மெல்ல வைத்தாள். பிஞ்சு விரல்கள் சுருங்கி, பிறகு விரிந்தன.

"ஆர்மைத்தி, உன் பேருக்காரி வந்திருக்கா" என்றாள். என்னிடம் இல்லை, மண்ணிடம்.